பச்சைக் கற்பூரம் போட்ட கண் களிம்பு

எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது அதன் கதவில் முட்டை வைக்கக் குழி குழியாக ஒரு தட்டு இருந்தது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், முட்டைக்கு எங்கே போவது? அந்தக் குழிகளில் அம்மா தன் கண் களிம்புப் புட்டிகளை உட்கார வைத்துவிட்டாள்.

கற்றாழைச் சோற்றைக் கசப்புப் போகக் கழுவி, வெள்ளரிச் சாறும் பாதாம் எண்ணெயும் விட்டுக் கடைவாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பெண்களெல்லாம் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். புட்டியைக் கொதிநீரில் போட்டெடுப்பாள், ஈரக்கை பட விடமாட்டாள். அப்படியும் சில நாளில் களிம்பு நீர்விட்டுப் புளித்துவிடும்.

கொட்டுவதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. "பெருமாள் தீர்த்தம் என்னிக்காவது கெட்டுப்போறதா? அதுல போடற பச்சைக் கற்பூரத்தை இதுலயும் போடேன்" என்பார். அம்மா காலிப் புட்டியைக் கழுவ எடுத்துக்கொள்வாள். அவர் தலை மறைந்ததும் என்னிடம், "கண்ணுக்குக் கிட்ட அது ஆகவே ஆகாதுடி. எரிஞ்சு ஜலமாக் கொட்டும்" என்பாள்.

அந்த வருடம் அப்பாவின் தங்கை பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். மேலே படிக்கிறேன் என்று அழுது அழுதே அத்தைக்குக் கருவளையம் வந்துவிட்டது. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. டில்லி வரன் ஒன்றைப் பேசி, பெண்ணைப் பார்த்துவிட்டால் நிச்சயதார்த்தம் என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பெண் பார்க்க வரும் நாளன்று அம்மா புதிதாகக் களிம்பு கடைந்தாள். பிறகு பூஜை டப்பாவைத் திறந்து, பச்சைக் கற்பூரத்தை நுணுக்கித் தாராளமாகக் கொட்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஆகாதுன்னு சொன்னியேம்மா?"

"நீ போய்க் கூடத்துல ஜமக்காளத்தை விரி."

அத்தைக்கு அந்த வாசனை தெரியாதா என்ன? ஆனாலும் அம்மா பூசிவிட, முகத்தை வாகாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காப்பித் தட்டோடு அத்தை கூடத்துக்கு வந்தபோது கண் இரண்டும் செக்கச் சிவந்து, கன்னத்தில் தாரை தாரையாக வழிந்தது. பிள்ளையின் அம்மா பதறிப்போனார். "ஏன் குழந்தே அழறே? உனக்கு இதுல இஷ்டமில்லையா?"

களிம்பு எரிகிறது என்று அத்தை சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு இன்னும் நன்றாக அழுதாள். "மனசில்லாத பொண்ணைக் கட்டாயப்படுத்தற பாவம் எங்களுக்கு வேண்டாம்" என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

விஷயம் தெரிந்ததும் அப்பா குதித்தார். "கண்ணுல போய் எதைடி போட்டே?"

"நீங்கதானே போடச் சொன்னேள்? கெடாம இருக்கும்னு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போனார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வரன் தட்டிப்போன அன்றைக்கு அத்தை எதற்கு இரண்டாம் முறை சாதம் போட்டுக்கொண்டாள் என்பதும் புரியாததால் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அத்தை பி.எட். சேர்ந்தாள். அவள் முதல் நாள் கல்லூரிக்குக் கிளம்பிப் போன பிறகு அம்மா வாசலிலேயே வெகு நேரம் நின்றாள். அம்மாவும் ஒரு வருடம் கல்லூரிக்குப் போனவள்தான். அது முடிந்த கோடையிலேயே அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

"உன்னைப் பார்க்க வந்தப்போ நீயும் இப்படி அழுதியாம்மா?"

"எனக்குக் கண்ணுல போட்டுவிட யாரும் இல்லைடி" என்றாள்.

களிம்பே போடவில்லையென்றால் அம்மாவுக்கு அப்போது கருவளையமே இருந்திருக்காது என்று எண்ணி, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.