லா சப்பலில் ஒரு கட்சியின் வரலாறும் வராத இரண்டு பக்கங்களும்

சனிக்கிழமை, காலை 9.40

பியர்ஃபித்-சூர்-செய்ன் ஸ்டேஷனில் டிக்கெட் இயந்திரம் இரண்டரை யூரோவுக்கு மேல் கேட்டபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாரீசின் கார் து நோர் ஸ்டேஷன் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும்.

"ஒரு ஸ்டேஷன் போனாலும் உவ்வளவுதான், கடைசி மட்டும் போனாலும் உவ்வளவுதான் அக்கா. டிக்கெட்டை எறிஞ்சு போடாதேங்கோ, வெளியாலை வரேக்கை கொன்ட்ரோல் நிப்பாங்கள்" என்றாள் தர்ஷினி. கிளிநொச்சிக்காரி, உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஒரு வாரமாக அவள் வீட்டில்தான் வாடகை அறையில் இருக்கிறேன். டிக்கெட்டைக் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுவிட்டு, வண்டி வருவதற்குள் மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

என் குணம் அப்படி. திருச்சியில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவள் நான். புத்தகம் கைக்கு வந்தால் பக்க எண்தான் முதலில் கண்ணில் படும், விஷயமெல்லாம் அப்புறம். இந்தப் பயணத்துக்குக் காரணமும் ஒரு புத்தகம்தான். சவரிநாதன் என்ற புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பிரான்சின் பழைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஒன்றின் வரலாற்றைத் தமிழில் எழுதியிருந்தார். அதன் புதுச்சேரிக் கிளைக்கு அவருடைய அப்பா செயலாளராம். கிளையின் தீர்மானப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தித் தரவேண்டும், நேரில் வந்தால் நல்லது, விமானச் செலவு தன்னுடையது என்று எழுதினார். எப்போதோ கலைந்துபோன கட்சிக்காக ஒருவர் விமானச் செலவு தருகிறார் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

காலை 10.30

கார் து நோரிலிருந்து, லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு நடக்கிற தூரம். ஒரு மளிகைக் கடை வாசலில், முருங்கைக்காய்க் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று நோட்டைப் புரட்டினேன். சவரிநாதன் வரச்சொன்ன சாப்பாட்டுக் கடையின் விலாசத்தைக் கேட்கலாம் என்று உள்ளே போய், "இங்கே ஒரு கட்சியின் வரலாறு எழுதுகிறவர்..." என்று ஆரம்பித்ததும் கடையில் இருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"எந்தக் கட்சி?" என்றார் கடைக்காரர்.

"கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி."

"நீங்கள் ஆர் அக்கா? பேப்பரோ?"

"இல்லை, புத்தகத்தில் பிழை பார்ப்பவள்."

"பிறகு என்னத்துக்குக் கொப்பியும் பேனையுமா நிக்கிறியள்?"

நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, சாப்பாட்டுக் கடையின் பெயரைச் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "இஞ்சை கட்சி கிட்சி ஒண்டும் இல்லை. நீங்கள் சொல்லுற சாப்பாட்டுக் கடை ரூ லூயி-பிளாங்கிலை இருக்கு. நேரை போய்த் திரும்புங்கோ." நான் கடையை விட்டு வெளியே வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பெயரும் நோக்கமும் தெரியாத ஆளிடம் வாயைத் திறக்காதவர்கள்தான் என் ஜாதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த வார்த்தையை யோசிக்காமல்தான் நினைத்தேன்.

காலை 11.00

சவரிநாதன் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். "போன்ழூர் மதாம், வாங்க வாங்க" என்று எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டீ ஒன்றரை யூரோ, வடை ஒரு யூரோ. வடையில் ஊறுகிற அளவுக்கு எண்ணெய் இருந்தது.

கையெழுத்துப் படி இருநூறு பக்கத்துக்கு மேல். உண்மையைச் சொல்வதென்றால் நன்றாகவே எழுதியிருந்தார். போர்க்காலத்தில் ஜெர்மானியரை எதிர்த்து ஒளிந்து வேலைசெய்த கத்தோலிக்க வாலிபர்கள், போர் முடிகிற நேரத்தில் ஒன்றுகூடி ஆரம்பித்த கட்சி அது. முதலாளியும் வேண்டாம், கம்யூனிஸ்டும் வேண்டாம், மனித மாண்புதான் வேண்டும் என்றார்கள். எடுத்த எடுப்பில் மூட்டை மூட்டையாக வாக்கு விழுந்தது. வந்த மந்திரிசபையில் எல்லாம் இருந்தார்கள். குடும்ப உதவித்தொகை என்றார்கள், நேற்றுவரை சண்டையிட்ட நாடுகளைச் சேர்த்து ஐரோப்பாவைக் கட்டுவோம் என்றார்கள். பிறகு தளபதியாக இருந்தவர் ஒருவர் அரசியலுக்கு வந்து, இவர்களுடைய வாக்காளர்களை இவர்கள் கண்ணெதிரிலேயே அள்ளிக்கொண்டு போனார். இருபது சொச்ச வருடத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள்.

இந்தோசீனாவில், அதாவது வியட்நாம் பக்கம், பிரான்ஸ் நடத்திய போருக்கு மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார். அந்த மந்திரிசபைகளில் இவர்கள்தானே இருந்தார்கள்?

"மாண்பு பத்து இடத்துல வருது, போர் ஒரே இடத்துலதான் வருதே ஐயா?" என்று கேட்டேன்.

"நீளமா போனா யாரும் படிக்க மாட்டாங்க மதாம்" என்று சிரித்தார். "நம்ம கிளைதான் முக்கியம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கூட்டம் போடுவாங்க. தீர்மானமெல்லாம் எங்க அப்பாவே தமிழ்ல எழுதுவார். இந்தாங்க, முழு தொசியே, முழு கோப்பும் இதுல இருக்கு." தீர்மானப் புத்தகத்தின் நகல்களை ஒரு நீலக் கோப்பில் வைத்துத் தந்தார். முழு என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னார். மருந்து வாங்கப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

பகல் 12.20

விரித்த புத்தகத்தை அப்படியே நகல் எடுத்திருந்தார். ஒரு தாளில் இரண்டு பக்கம். பதினான்கு, பதினைந்து. பதினாறு, பதினேழு. அடுத்த தாள் இருபது, இருபத்தொன்று.

அவரைப் போனில் கூப்பிட்டேன். "பூச்சி அரிச்சிடுச்சு மதாம், ஊர்ல இருக்கும்போதே" என்றார்.

எந்தப் புத்தகத்திலும் பதினெட்டாம் பக்கம் பதினேழாம் பக்கத்தின் முதுகு. பத்தொன்பதின் முதுகு இருபது. பதினெட்டைத் தின்ற பூச்சி பதினேழையும் தின்றிருக்க வேண்டும். என் கையிலிருந்த பதினேழும் இருபதும் மழமழவென்று இருந்தன. புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு நகல் மட்டும் என் கைக்கு வரவில்லை. போர் சம்பந்தமாக ஏதோ எக்கச்சக்கமாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், மகன் மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். முடிவுகட்டுவதில் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

"பதினெட்டு, பத்தொம்பது குடுத்தாரா மதாம்?"

பக்கத்து மேசையிலிருந்து வந்தது குரல். மெட்ரோவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர், பெயர் அந்துவான், அவரும் புதுச்சேரி. கோப்பை மூடிக்கொண்டேன். "அந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன்.

"எங்கப்பா சூசை அந்தக் கட்சியில இருந்தார். சாகுற வரைக்கும் சொல்லுவார், 'பத்தொம்பதாம் பக்கத்துல நாலாவது கையெழுத்து என்னோடதுடா'ன்னு. படிக்காதவரு மதாம். கட்சியில சேரணும்னா பேர் எழுதத் தெரியணும்னு சொன்னாங்களாம். அதுக்காகவே ஒரு மாசம் மணல்ல எழுதிக் கத்துக்கிட்டார். அப்புறம் எங்கயும் கையெழுத்துப் போடுற வேலை வரல, போன இடத்துல எல்லாம் கைநாட்டுதான் கேட்டாங்க. வீட்டுல அவர் எழுத்துன்னு ஒண்ணுகூட இல்ல."

"நீங்கள் கேட்டுப் பார்க்கவில்லையா?"

"கேட்டேன். பூச்சின்னார்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "உங்க ஊர் மாதா கோயில்ல நீங்க எந்தப் பக்கம் உக்காருவீங்க?"

"எங்கள் ஊரில் இப்போது அதெல்லாம் இல்லை" என்றேன், சட்டென்று.

"அப்படியா. நல்லது மதாம்" என்று எழுந்து போனார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மறைத்தது போரை இல்லை, ஜாதியை.

ஞாயிற்றுக்கிழமை, பகல் 12.10

பூசை முடிந்து அதே கடை, அதே மேசை. அந்துவானையும் வரச்சொல்லியிருந்தேன். சவரிநாதன் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்துவானுக்குத் தலையை மட்டும் அசைத்தார். இருவரும் நாற்பது வருடமாக ஒரே ஊரில், ஒரே கோயிலில் இருக்கிறார்கள். அந்துவான் தன் நாற்காலியைத் தானே இழுத்து உட்கார்ந்தார்.

பதினேழாம் பக்கத்தின் நகலைக் காட்டி, இதன் முதுகுதானே பதினெட்டு என்று பூச்சிக் கதையை நான் பிரித்து வைத்தேன். சவரிநாதன் மறுக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"கோயில்ல அப்போ ரெண்டு பக்கமா உக்காந்தாங்க, சாதிக்காரங்க ஒரு பக்கம், சேரி ஆளுங்க ஒரு பக்கம். கூட்டத்துலயும் அப்படியே உக்காந்துட்டாங்க. தீர்மானப் புத்தகத்துல எல்லாரும் ஒரே பக்கத்துல கையெழுத்துப் போட்டா நாங்க வரமாட்டோம்னு பெரியவங்க சிலர் எழுந்துட்டாங்க. அதனால தனிப் பக்கம்னு தீர்மானம். எழுதினது எங்க அப்பா. மாண்பு மாண்புன்னு பேசின மனுஷன், மதாம். புத்தகம் பூரா அவரைப் பத்திதான். அதுல இதை எப்படிப் போடுறது?"

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. ஆனாலும் அழப்போகிறவர் போல இருந்த கிழவரிடம் எரிந்து விழ முடியவில்லை.

அவரே ஒரு வழி சொன்னார். புத்தகத்தின் கடைசியில் உறுப்பினர் பட்டியல் வருகிறது. அதில் பத்தொன்பதாம் பக்கத்துப் பெயர்களையும் அகர வரிசையில் கலந்துவிடலாம். யார் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் சமம்.

"நல்ல யோசனை" என்று நான் சொல்லிவிட்டேன். மனதாரத்தான் சொன்னேன். பிரச்சினை தீர்ந்தது, புத்தகமும் அழகாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்துவான் தலையாட்டினார், வேண்டாம் என்று. "இப்போ கலக்காதீங்க. அன்னிக்கு எங்கப்பா போய் கையெழுத்துப் போடுறேன்னு நின்னப்ப தனிப் பக்கத்தைக் காட்டினாங்க. அவரு அதுலதான் போட்டார். தனிப் பக்கத்துல வாங்கினீங்க, தனிப் பக்கமாவே அச்சுல போடுங்க. பதினெட்டும் வரட்டும், பத்தொம்பதும் வரட்டும்."

"எங்க அப்பா பேரு கெட்டுடும் அந்துவான்."

"எங்கப்பா பேரு வரவே இல்லையே, ம்சியே."

சவரிநாதன் கோட்டின் உள்பையில் கைவிட்டு நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். மடிப்பு வெளுத்துப்போயிருந்தது, பல மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது. கிழித்துப் போடவும் அவருக்கு மனம் வரவில்லை, கொடுக்கவும் மனம் வரவில்லை.

இடப்பக்கம் தீர்மானம், அழகான உருண்டைக் கையெழுத்து. வலப்பக்கம் பெயர்கள். நாலாவது சூசை. 'சூ' ஒரு வரியில், 'சை' அடுத்த வரிக்குச் சரிந்து கிடந்தது. அந்துவான் விரலை அதன்மேல் கொண்டுபோனார், வைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இவ்வளவு பெருசா எழுதியிருக்காரு" என்றார்.

சவரிநாதன் தாளை என் பக்கம் தள்ளினார். "ரெண்டு பக்கமும் போடுங்க மதாம். பதினெட்டுக்கு அடியில எங்க அப்பா கையெழுத்து இருக்கு. அதையும் எடுக்காதீங்க."

திங்கட்கிழமை, காலை 8.15

விமான நிலையத்துக்குப் போகிற ரயிலில் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன், இந்தத் தடவை டிக்கெட்டுக்காக இல்லை. தர்ஷினி கட்டிக்கொடுத்த இடியாப்பத்தை எடுத்துத் தின்னவும் தோன்றவில்லை. ஒரு கட்சி பிறந்ததையும் வளர்ந்ததையும் கலைந்ததையும் இருநூறு பக்கத்தில் படித்தேன். அது என்ன கட்சி என்று அந்த ஒரு தாள்தான் எனக்குச் சொன்னது. அதையும் நான் அகர வரிசையில் கரைக்கப் பார்த்தேன். அது என்னைக் குடைந்துகொண்டே வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, திருச்சி

ஊர் வந்து முதல் பூசைக்குப் போனேன். எங்கள் கோயிலுக்கு முன்வாசல் ஒன்று, தெற்கே பக்கவாட்டுக் கதவு ஒன்று. நினைவு தெரிந்த நாளிலிருந்து முன்வாசல் வழியாகப் போய் வடக்குப் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவள் நான். பக்க எண்ணுக்கெல்லாம் பூதக்கண்ணாடி வைத்தவள், அந்தக் கதவு யாருக்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்று அதன் வழியாக நுழைந்து, கதவோரப் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே அங்கிருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். ரூ காய் கடைக்காரர் பார்த்த அதே பார்வை.

"என்னக்கா," என்று மெதுவாகக் கேட்டாள், "இன்னிக்கி எதுக்கு இந்தப் பக்கம் வந்துட்டீங்க?"