வெயிலில் காயப்போட்ட மாமா

1. எடை மெஷின்

டயாலிசிஸ் பிரிவில் நோயாளி முதலில் ஏறுவது கட்டிலில் அல்ல, எடை மெஷினில். கிட்னி செயலிழந்தவர் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். மெஷின் அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

சிதம்பரத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த பிரிவில், ஒரு சித்திரை மாதக் காலையில் கிள்ளையிலிருந்து வரும் படகோட்டி ஏழுமலை மெஷினில் ஏறினார். ஐந்து கிலோ கூடியிருந்தது. மூச்சு வாங்கியது. முகமும் மார்பும் கருகித் தோல் உரிந்திருந்தன. டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் இடது கை மட்டும் பழைய நிறத்தில் இருந்தது.

"தண்ணி ஜாஸ்தி குடிச்சீங்களாண்ணே?"

"இல்ல சிஸ்டர். வேணும்னா மச்சானக் கேளுங்க."

மச்சான் செல்வம், ஏழுமலையின் மனைவிக்குத் தம்பி, கீரப்பாளையத்தில் நெல் விவசாயம் பார்த்தவர். ஏழுமலைக்கு எலும்பு வலி வந்து நிற்க முடியாமல் போனதிலிருந்து, கிள்ளையில் அவருடைய படகை இவர்தான் ஓட்டினார். ஓட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. தினமும் தண்ணீருக்குள் நிற்கும் ஏதாவதொரு சுரபுன்னை மரத்தின் வேரில் போய்ச் சொருகிக்கொள்வார். மாமா எழுந்து நின்று படகுக் கழி ஊன்ற வேண்டும் என்பதில் மாமாவைவிட இவருக்கே அவசரம் அதிகம்.

2. மச்சான் வைத்தியம்

முந்தைய வாரம் ரிப்போர்ட்டில், எலும்பு வலிக்குக் காரணம் வைட்டமின் டி குறைவு என்று வந்திருந்தது. கடலூரிலிருந்து வரும் டாக்டர் மாத்திரை எழுதினார். செல்வம் போனில் ஒரு வீடியோ பார்த்தார்.

"வைட்டமின் டி வெயில்ல ஓசியா கெடைக்குதாமே சிஸ்டர்! அப்பறம் எதுக்கு மாத்திரை? நிறுத்திட்டேன். எண்ணெய் தடவி, மத்தியானத்துல படகு மேல படுக்க வச்சேன். ஊசி போடுற கைய பத்திரமா பாத்துக்கணும்னு நீங்க சொன்னீங்கல்ல, அத மட்டும் ஈரத்துண்டால மூடிட்டேன்."

"கருவாடு மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டான் சிஸ்டர்" என்றார் ஏழுமலை.

"தாகம் எடுக்கலையா?"

"எடுக்காம? ஆனா ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கல" என்றார் செல்வம் பெருமையாக. "தர்பூசணிதான் குடுத்தேன்."

"எவ்வளவு?"

"தெனம் ஒரு முழுப் பழம். பழந்தான சிஸ்டர், தண்ணி இல்லியே?"

அவசரமாக ரத்தம் எடுத்துப் பார்த்தோம். பழத்தின் தண்ணீரோடு பொட்டாசியமும் ஏறியிருந்தது. இன்னும் ஏறினால் இதயம் நின்றுவிடும். உடனே டயாலிசிஸ் மெஷினில் போட்டோம். செல்வம் கதவுக்கு வெளியே நின்று, கண்ணாடி வழியாக மாமாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு சீரானதும் ஏழுமலை கண் திறந்து, "அந்தப் படகை வித்துட வேணாம்னு அவன்கிட்ட சொல்லுங்க, நான் எழுந்து ஓட்டுவேன்" என்றார்.

3. ரைஸ் மில்

"வெயில் வைட்டமின் டியைக் குடுக்கும், உண்மைதான்" என்று செல்வத்திடம் சொன்னேன். "ஆனா அதை உடம்புக்கு ஆகுற மாதிரி மாத்துற கடைசி வேலை கிட்னியோடது. எவ்ளோ நெல்லு வெளஞ்சாலும் ரைஸ் மில்லு மூடிக் கெடந்தா சோறு பொங்க முடியுமா?"

"அப்ப மாத்திரைதான் அரிசியா?" என்றார் செல்வம்.

"ஆமா. அரைச்ச அரிசி."

அதன் பிறகு ஒரு மாத்திரையும் தவறவில்லை. வலி ஒரேயடியாகப் போகவில்லை. மாதக்கணக்கில் மெல்லக் குறைந்தது. ஒருநாள் ஏழுமலை எடை மெஷினில் ஏறும்போதே சொன்னார்: "நேத்து நானே நின்னு கழி போட்டேன் சிஸ்டர். ஒரு வேர்லயும் இடிக்கல."

"மச்சான்?"

"எனக்குக் குடை புடிச்சிக்கினு உக்காந்திருந்தான்."

நான் கற்றது இதுதான்: ரிப்போர்ட்டை நோயாளியிடம் கொடுத்தாலும், விளக்கத்தை உடன் வந்தவரிடம் சொல்ல வேண்டும். வீட்டில் வைத்தியம் பார்ப்பவர் அவர்தான்.

பிறகு அந்த வேலையும் எனக்குக் குறைந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு வெளி பெஞ்சில் உட்கார்ந்து ரைஸ் மில் கதையைச் செல்வமே சொல்ல ஆரம்பித்தார். தர்பூசணியைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார். அதை ஏழுமலை உள்ளே கட்டிலில் படுத்தபடி சொல்லிவிடுவார்.