வடு தெரிந்த எக்ஸ்ரே

2024 பிப்ரவரி 5, திங்கள். ஐந்தரைக்கு எழுந்து பல் துலக்கினேன். துப்பியதை விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், இரத்தம் இல்லை. காசநோய் குணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. எட்டரைக்குச் செஞ்சி விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டைகளை எடை போட்டேன். மாலையில், செவிலியரான என் மனைவி செல்விக்கு பிரிட்டனில் வேலை உறுதியானது.

விசா பெற, உடன் செல்லும் கணவனுக்கும் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். சென்னையில் அதற்கென அனுமதி பெற்ற மையத்தில் எடுத்த எக்ஸ்ரேயில் வடு (ஆறிய புண்ணின் தடம்) தெரிந்தது.

"வடு இருந்தா அவ்வளவுதானா, டாக்டர்?"

"வடு தப்பில்ல சார். உயிரோட கிருமி இருக்கான்னுதான் பாக்கணும்."

சளி வளர்ப்புப் பரிசோதனை (சளியில் உள்ள கிருமி ஆய்வகத்தில் வளர்கிறதா என்று பார்ப்பது) செய்வார்களாம். மூன்று நாள் காலைச் சளி தர வேண்டும். முடிவு வர இரண்டு மாதம் ஆகலாம். தடத்தைப் பார்த்தே துரத்திவிடாமல் அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் அந்த விதிமீது எனக்கு மரியாதை வந்தது.

"உங்கள உட்டுட்டு நான் மட்டும் பிளேன் ஏற மாட்டேன். வேலை போனா போவுது" என்றாள் செல்வி. இரவுப் பணி முடிந்து வந்தும் தூங்காமல் அவள் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்ததை நான் பார்த்தவன்.

முதல் நாள் எவ்வளவு முக்கியும் சளி வரவில்லை. குணமானவனுக்குச் சளி எங்கிருந்து வரும்? பணியாளர் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். "இது எச்சில் சார்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற செல்வி கேட்டாள்: "இன்னாங்க, அன்னிக்கு இருமி இருமித் தெருவையே தூங்க உடல. இப்ப ஒரு சொட்டுக்கு இந்தப் பாடா?"

சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலானது. குப்பியில் சளி விழுந்தது. அடுத்த இரண்டு நாளும் அவள் அதே ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் பழைய சிகிச்சைச் சீட்டுகளையும் எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள். சிரிக்க வைக்கும் ஒருவரையும் அழைத்துப் போங்கள்.

பிறகு காத்திருப்பு. விளைந்ததை எடை போட்டே பழகியவன் நான். ஒன்றும் விளையக் கூடாது என்று வாரக்கணக்கில் காத்திருந்தது புதிது. மாலைகளில் செஞ்சிக் கோட்டைப் படிகளில் ஏறினேன். மூச்சு வாங்கினாலும் பயம் வரவில்லை. படி ஏறினால் யாருக்கும் வாங்கும் மூச்சுதான்.

ஏப்ரலில் மையத்திலிருந்து அழைத்தார்கள். "ஒண்ணும் வளரல சார். சர்டிபிகேட்ட வந்து வாங்கிக்கோங்க."

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "குளிருக்கு ஸ்வெட்டர் வாங்கணும். உங்களுக்குத்தான் முதல்ல."

மறுநாள் எழுந்ததும் பல் துலக்கினேன். துப்பியதைப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டேன்.