சேவியரின் பெயர் எத்தனை அடி

இருபத்திரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

சேவியர் போய்விட்டார்... முந்தாநாள் காலை, லாயாங் லாயாங் ஊரில், தன் வீட்டில். மாரடைப்பு.

ஸ்கூடாயில் ஒரு சைன்போர்டு கடையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்கு டிசைன். அவருக்கு ஆர்டர் பிடிப்பது, அளவெடுப்பது, வாயால் ஊரை விற்பது.

அங்கேதான் நான் ஓர் ஆங்கில எழுத்துருவை வரைந்தேன். ஏ முதல் இசட் வரை. ஒவ்வொன்றும் பஸ் மாதிரி அகலம், உருண்ட மூலை, நடுவில் மெல்லிய வெட்டு. எந்தக் கடைப் பெயரை எழுதினாலும் விண்கலம் கிளம்பப்போவது போல இருக்கும்.

கார் அலங்காரக் கடை, சைபர் கஃபே... எங்கும் ஏறியது.

"யார் டிசைன்?" என்று கேட்டால் சேவியர் கூசாமல், "நான்தான் பாஸ். மூணு மாசம் தூங்கல லா" என்பார்.

தூங்காதவன் நான்.

சாஆ என்ற சிற்றூரில் ஒரு முடிதிருத்தும் கடை. முகப்பு பதினாறு அடி. பெயர் என் எழுத்தில் இருபத்தாறு அடி வந்தது. சின்னதாக்கினால் ரோட்டிலிருந்து தெரியாது. "பக்கவாட்டில அமுக்கிடுய்யா, எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க" என்றார் எங்கள் முதலாளி.

சேவியர் மேசையைத் தட்டினார். "அமுக்கினா அது எழுத்தா பாஸ்? லாரி ஏறின தவளை!"

நேராகப் போய், பக்கத்து மெத்தைக் கடைக்காரரிடம் பேசிப் பேசியே அவர் முகப்பில் பத்து அடி வாங்கிவிட்டார். மெத்தை வாங்கப் போனவர்கள் முடிவெட்டிக்கொண்டு திரும்பியதாகக் கேள்வி.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பேனர். 'சேவியர் அந்தோணிசாமி' என்று ஆங்கிலத்தில்... என் எழுத்து. பத்து அடிக்குள் அமுக்கி வைத்திருந்தார்கள்.

லாரி ஏறின தவளை.

"அப்பா டிசைன் பண்ண எழுத்து, அங்கிள்" என்றாள் அவர் மகள். "இடம் பத்தலன்னு பிரின்ட் கடையில கொஞ்சம் அமுக்கிட்டாங்க."

சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

"அமுக்கக் கூடாதும்மா. அப்பாவுக்குப் பிடிக்காது" என்றேன்.

அசல் கோப்பு பென்டிரைவில், காரில் இருந்தது. என்றாவது ஆதாரம் தேவைப்படும் என்று எந்தக் கார் மாற்றினாலும் கூடவே கொண்டுபோவேன். குளுவாங் டவுனுக்குப் போய்ப் புதிதாகப் பேனர் அடித்து வந்தேன்.

இருபத்துநான்கு அடி. கூடாரத்தைத் தாண்டிப் பக்கத்து வீடுவரை போனது. அந்த வீட்டு மலாய்க்கார அம்மா, எல்லாருக்கும் மக்சிக், "தாக் அப்பா, தாக் அப்பா", பரவாயில்லை என்று மலாயில் சொல்லி, தன் கேட்டிலேயே கட்டச் சொன்னார். துக்கத்துக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மகளும்.

போய் வாருங்கள், சேவியர். பாவசங்கீர்த்தனத்தில் அந்தத் தூங்காத மூன்று மாதத்தைச் சொன்னீர்களா இல்லையா... நான் கேட்கவில்லை.

என் பெயரைப் போட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் பெயருக்கே இரண்டு வீட்டு வாசல் தேவைப்பட்டது.

என் பெயர் இல்லாமலே பதிவிடுகிறேன்.