ஷமீம் கூட்டிட்டுப் போன ஒரு நாள் டூர்

ஷமீம் போயிட்டா. இன்னிக்கு காலைல. ஹார்ட் அட்டாக்.

நேத்து மதியம்கூட ஃபோன்ல என்னைக் கிழிச்சா... பௌர்ணமி கிரிவலத்துக்கு எத்தனை வண்டின்னு நான் இன்னும் சொல்லலியாம்.

தெரியாதவங்களுக்கு: செங்கம் ரோட்டுல ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல அவ டூர் புக்கிங், நான் பக்கத்து டேபிள்ல அக்கவுண்ட்ஸ். வருஷக்கணக்கா ஒண்ணாத்தான் சாப்பாடு. என் சாம்பார்ல எப்பவும் உப்பு ஜாஸ்தின்னு சொல்லிக்கிட்டே முழுசையும் அவதான் காலி பண்ணுவா.

நம்ம ஊர் டிராவல்ஸ்ல வேற என்ன டூர் இருக்கும்? நவகிரகம், அறுபடை வீடு. ஒரு நாள் திடீர்னு மொதலாளி முன்னாடி போய் நிக்கிறா. "சார், பொம்பளைங்க உரிமைக்குப் போராடின இடமா பாத்து ஒரு டூர் போடலாம்."

அவர் சிரிச்சாரு. "அங்க என்னம்மா சாமி இருக்கு?"

"சாமி இல்ல சார். ஆனா வழியில எங்கெங்க நல்ல பாத்ரூம் இருக்குன்னு எனக்குத் தெரியும். அதுக்கே வருவாங்க"ன்னா.

வந்தாங்க. ஆனா வண்டி ஃபுல் ஆகல. காலி சீட்டுல என்னைப் பிடிச்சு உக்கார வெச்சா.

எனக்கு அப்போ மண்டைக்குள்ள வேற ஓடிட்டு இருந்துச்சு. அப்பா இறந்ததும் கீழ்பென்னாத்தூர் நெலத்துல எனக்குப் பங்கு வேணாம்னு விடுதலைப் பத்திரம் ரெடி பண்ணிட்டான் எங்க அண்ணன். டூர் ஞாயித்துக்கிழமை. மறுநாள் பத்திர ஆபீஸ்ல கையெழுத்து. போட்டுடலாம்னுதான் இருந்தேன்... அண்ணன்னா எனக்கு உசுரு.

முதல்ல செங்கல்பட்டு. பொண்ணுக்கும் சொத்துல பங்கு வேணும்னு அந்தக் காலத்துலயே மாநாட்டுல தீர்மானம் போட்ட ஊரு.

எந்த இடம்னு ரோட்ல கேட்டா யாருக்கும் தெரியல. ஒருத்தர் கல்யாண மண்டபத்துக்கு வழி சொன்னாரு. "இந்த ஊருதான், அவ்ளோதான் தெரியும். எறங்கி நின்னு பாத்துக்கோங்க"ன்னா ஷமீம். நின்னோம். லாரியா போயிட்டு இருந்துச்சு.

அப்புறம் சென்னை. பொண்ணுங்க ஓட்டுரிமை கேட்டுக் கூட்டம் போட்ட பழைய கட்டடம்னு ஒண்ணு. போனா கேட்ல பூட்டு. வாட்ச்மேன் உள்ள விடவே மாட்டேன்னுட்டாரு.

ஷமீமுக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

வண்டில அடி அண்ணாமலைல பூ விக்கிற முனியம்மாக்கா இருந்தாங்க. "பூட்டியிருந்தா என்ன? நம்ம ஊர்ல மலைக்குள்ளயா போறோம், சுத்தித்தான வர்றோம். வாங்கடி"ன்னு செருப்ப வண்டிலயே விட்டுட்டு காம்பவுண்டைச் சுத்தி நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. பின்னாடியே மொத்த வண்டியும்!

வாட்ச்மேன் பயந்துட்டாரு. "என்னம்மா, போராட்டமா?"

"அதெல்லாம் முன்னாடியே பண்ணிட்டாங்கப்பா. நாங்க சும்மா சுத்திட்டுப் போறோம்"னாங்க முனியம்மாக்கா. ஷமீம் சிரிச்ச சிரிப்பு இருக்கே...

பின்பக்க சுவர் கிட்ட போறப்போ அண்ணன் ஃபோன். நாளைக்கு ஆதார் கார்டு மறக்காதன்னான். வெச்சுட்டு அங்கயே நின்னுட்டேன். ஷமீம் என்னடின்னு கேட்டா. சொன்னேன்.

லெக்சர் குடுப்பான்னு நெனச்சேன். குடுக்கல. "உன் அண்ணன், உன் நெலம். நடுவுல நான் யாரு? ஆனா கலா, உனக்கு வேணுமான்னு யாராவது உன்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"ன்னா. அவ்ளோதான். தண்ணி பாட்டில் குடுக்கப் போயிட்டா.

யாரும் கேட்கல. நானே என்னைக் கேட்டதில்ல.

திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போடல. அத்தனை பேர் முன்னாடி அண்ணன் கத்தின கத்து... ஷமீம் லீவு போட்டுட்டு வெளிய பெஞ்சுல உக்காந்து வேர்க்கடலை உரிச்சுக்கிட்டு இருந்தா. திரும்பி வர்றப்போ பஸ்ல அழுதேன். ஆறுதல்லாம் சொல்லல. கடலைப் பொட்டலத்தை என் மடியில வெச்சா.

அண்ணன் இன்னிவரைக்கும் பேசல. அது வலிக்குதுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா பங்கு வந்துச்சு. அதுல சின்னதா ஒரு வீடு கட்டினேன். புது அடுப்புல பால் காய்ச்சினது ஷமீம்தான்.

இன்னிக்கு அவ வீட்டுக்குப் போனேன். வாடகை வீடு, மாடிப் போர்ஷன். அவ தங்கச்சி என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டே சொல்றா:

"எங்க அத்தா மௌத்தாகி சொத்து பிரிக்கிறப்போ நாங்க எல்லாரும் சேர்ந்து சொல்லித்தான்க்கா அவ பங்க எங்க அண்ணனுக்கே எழுதிக் குடுத்தா. நீங்க கையெழுத்துப் போடாத அன்னிக்கு வீட்ல பிரியாணி செஞ்சா. எதுக்குன்னு சொல்லவே இல்ல."

என்கிட்டயும்தான் சொல்லல. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லல.

ஏன்டி? சொல்லியிருந்தா உனக்காக நானும் வந்து சண்டை போட்டிருப்பேனே... கோவம் கோவமா வருது.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்ணிட்டாங்க.

நிம்மதியா தூங்குடி ஷமீம்.