ஏறும்போது மூன்று

இது கட்டுக்கதை இல்லை. நம்பாதவர்கள் ஒரு மார்கழி மழையில் எங்கள் கண்டல்முனைக்கு வந்து நின்று பாருங்கள். பிறகு என்னோடு வாதாடலாம்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஐம்பத்திரண்டு குடும்பங்கள் இருக்கிற சின்ன ஊர். காலையில் ஒரே ஒரு பஸ். குளத்து வான்கதவைத் திறந்துவிட்டால் தெரு தண்ணீருக்குள் போய்விடும். பஸ்ஸும் வராது, அம்புலன்ஸும் வராது. மிச்சம் இருப்பது வாவியைக் கடக்கிற பாதைதான். மிதவைகளின் மேல் பலகை அடித்து மோட்டர் பூட்டிய தெப்பம். அதைத்தான் நாங்கள் பாதை என்போம்.

பாதை ஓட்டுகிற வேலப்போடி அண்ணனிடம் ஒரு வழக்கம். ஏறும்போது ஆட்களைச் சத்தமாக எண்ணுவார். இறங்கும்போதும் எண்ணுவார். வயிற்றுப்பிள்ளைக்காரி என்றால் அவருக்கு இரண்டு.

ஒரு மார்கழி நாள் பின்னேரம் ஆறு மணிக்கு என் மனைவி மேனுகாவுக்கு நோவு கண்டது. எட்டரை மாதம். தலைப்பிள்ளை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவெல்லாம் வெள்ளம். அவளைத் தாங்கிக்கொண்டு துறைக்குப் போனேன்.

"கெதியா எடுங்க அண்ணன்!"

"இரி தம்பி." டோர்ச் அடித்தார். "தம்பி ஒண்டு. புள்ள ரெண்டு... மூண்டு. சரி."

பாதை நகர்ந்தது. மழை தூறியது. மேனுகா பலகையில் இருந்தபடி முனகினாள்.

நடு வாவியில்தான் கவனித்தேன். பின்பக்கம் ஒரு பெண் நின்றாள். எப்போது ஏறினாள்? கையில் ஒன்றும் இல்லை. சேலை முழுக்க ஈரம். மழையில் நனைந்திருப்பாள் என்று நினைத்தேன். ஆனால் பெய்தது வெறும் தூறல்தானே... அவள் காலடியில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

மேனுகாவின் குணம் அப்படி. அந்த நோவிலும் நகர்ந்து இடம் விட்டாள்.

"இதில இரிங்கக்கா."

அவள் வந்து இருந்தாள். மேனுகாவின் வயிற்றில் கை வைத்தாள்.

"நோவு நிண்டிட்டு!" மேனுகா சிரித்தாள்.

அப்பாடா! போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி இருக்கிற அக்கரை, எழுவான்கரை வந்தது. டக்... டக்... டக். மோட்டர் நின்றது.

வேலப்போடி டோர்ச் அடித்தார்.

"ஒண்டு..."

வெளிச்சம் மேனுகாவில் நின்றது.

"ரெண்டு..."

நிறுத்திவிட்டார்.

"மூண்டு அண்ணன்!" கத்தினேன்.

 அவர் டோர்ச்சை மறுபடி மேனுகாவில் அடித்தார்.

அந்தப் பெண் எங்களுக்கு முன்னே இறங்கிப் போனாள். நெஞ்சோடு எதையோ அணைத்து, முந்தானையால் மூடிக்கொண்டு...

வெறுங்கையோடு வந்தவள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மேனுகாவின் வயிற்றில் கருவியை வைத்தார். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு முறை வைத்தார். பிறகு என் தோளைத் தொட்டார்.

பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நின்றிருந்தது.

ஆண்பிள்ளை. துணியில் சுற்றித் தந்தார்கள். ஒரு குறையும் இல்லை, தூங்குகிற பிள்ளை மாதிரி இருந்தான். வாய்விட்டு அழுதேன். வேறென்ன செய்ய?

நெடுநாள் கழித்து வேலப்போடியிடம் கேட்டேன். அவர் அந்தப் பெண்ணைக் காணவே இல்லையாம். வாயில் மூன்று வரவில்லையாம், அவ்வளவுதான்.

"முந்தி என்ட அப்பாதான் தம்பி இந்தப் பாதை ஓட்டினவர். ஆஸ்பத்திரியில பெத்துப்போட்டுக் கைப்புள்ளையோட திரும்பி வந்த ஒருத்தி நடுவாவியில விழுந்திட்டாள். இருட்டு. கரைக்கு வந்துதான் ஆள் இல்லையெண்டு தெரிஞ்சது. அதுக்குப் பொறகுதான் இந்த எண்ணுற பழக்கம்."

"ஆள் கிடைச்சதா?"

"அவள் கிடைச்சாள். புள்ளைகள் கிடைக்கல்ல."

"புள்ளைகளா?"

"ஓம். ரெட்டைப் புள்ள."

மேனுகாவுக்கு இப்போது மறுபடி எட்டாம் மாதம். மார்கழி பிறந்துவிட்டது. நேற்று வான்கதவைத் திறந்துவிட்டார்கள்.