இரவல் சிலாப்

நேற்றுக் காலை பல் துலக்கும்போது ப்ளீச்சிங் பவுடர் நெடி வந்தது. எட்டிப் பார்த்தேன். நகராட்சி ஆள் ஒருவர் தெரு ஓரமாக வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போனார். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று அர்த்தம். நமக்காகவா தூவப்போகிறார்கள்! மற்றவர்களுக்கு அந்த நெடி ஆஸ்பத்திரியை ஞாபகப்படுத்துமாம். எனக்கு அருள் அண்ணன் வீட்டு வாசலைத்தான்.

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஒரு ஊரில், நான் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்த சமயம் அது. எங்கள் தெருவில் வாசல்களை ஒட்டியே கால்வாய் ஓடும். இறங்கினால் இடுப்பளவு ஆழம். மழை வந்தால் தெரு எது, கால்வாய் எது என்று தெரியாது. எல்லா வீட்டு முன்னாலும் கால்வாய்மேல் சிமெண்ட் சிலாப் உண்டு. அருள் அண்ணன் வீட்டு முன்னால் இருந்தது மட்டும் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. அதற்குப் பதில் ஒரு பலகை, நல்ல கால் இருக்கிறவன் வைத்தாலே ஆடும்.

அண்ணன் தோல் பதனிடும் ஷெட்டில் வழுக்கி விழுந்து இடுப்பு போனவர். கைத்தடி இல்லாமல் நிற்க முடியாது. வீட்டில் கக்கூஸ் கிடையாது. தெருமுனைக் கழிப்பிடத்துக்கு அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் மனைவி பிலோமி அக்கா எங்கள் கம்பெனியில்தான் மிஷின் தைத்தார். பகலெல்லாம் அண்ணன் தனியாள்.

அக்கா திங்கட்கிழமையானால் லீவு போட்டுவிட்டு நகராட்சிக்கு மனுவோடு போய்விடுவார். ஒருமுறை நானும் துணைக்குப் போனேன்.

"இன்னாம்மா, போன வாரம்தானே வந்தே?" என்றார் அங்கிருந்த கிளார்க்.

"போன வாரமும் எங்க வூட்டுக்காரருக்கு இதே இடுப்புதான் சார் இருந்துச்சு."

கடைசியில் இன்ஜினீயரே நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. அங்கேதான் எங்கள் தெருவுக்குப் புத்தி கெட்டது. கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டோம். ஆளாளுக்குத் துடைப்பத்தைத் தூக்கினார்கள். கால்வாயில் அடைத்துக்கிடந்த தோல் துண்டுகளை வாரினார்கள். கோலம் போட்டார்கள். மிஷின் ஊசி விரலில் ஏறியதால் நான் வீட்டில் இருந்தேன். ப்ளீச்சிங் பவுடர் தூவுகிற பொறுப்பு எனக்கு. ஒரே கையால் எவ்வளவு நேராகக் கோடு போட்டேன் என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை வேறு!

அண்ணனுக்குத்தான் ஒரே கவலை. "தம்பி, வர்றவரு இந்தப் பலகைல கால வெச்சி வுழுந்துட்டா? நம்மள நம்பி வர்றாருப்பா."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் கெஞ்சி ஒரு புது சிலாப் வாங்கிவந்து கால்வாய்மேல் போட்டோம். சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று கண்டிஷன்.

இன்ஜினீயர் மதியம் வந்தார். அக்காவுக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மனு கொடுக்கவே எல்லா லீவும் தீர்ந்துபோயிருந்தது. வந்தவர் சிலாப்மேல் நின்றார், போட்டோ எடுத்தார், அண்ணன் வரவழைத்த டீயைக் குடித்தார்.

"ஏதாவது குறை இருக்கா?"

அண்ணன் தடியை ஊன்றி எழுந்து கும்பிட்டார். "ஒண்ணும் இல்ல சார். நீங்க வந்ததே போதும்."

சாயங்காலம் மேஸ்திரி தள்ளுவண்டியோடு வந்து சிலாப்பை எடுத்துப்போனார். பலகை பழைய இடத்துக்கு வந்தது. வேலையிலிருந்து திரும்பிய அக்கா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கேக்க வந்தவருகிட்ட கொறையில்லன்னா சொன்னே?"

"வூடு தேடி வந்திருக்காரு பிலோமி. மூஞ்சில அடிச்ச மாரி எப்டி சொல்றது?"

அடுத்த திங்கட்கிழமை கிளார்க் கம்ப்யூட்டரைத் திருப்பி அந்தப் போட்டோவைக் காட்டினாராம். "சிலாப்பு இருக்கே. கோலம்கூட இருக்கே." இரவல் சிலாப் என்று அக்கா சொன்னதும், "அப்ப ஆபீசையே ஏமாத்தினீங்களா? எழுந்து போம்மா, சும்மா பேஜார் பண்ணிக்கினு" என்றாராம். அக்கா இதைச் சொன்னபோது அழவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் தெரு முழுக்கக் கறுப்புத் தண்ணீர். பலகை எப்போது மிதந்து போனதோ தெரியவில்லை. அக்கா வேலைக்குப் போயிருந்தார். நான் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தேன். கழிப்பிடத்துக்குக் கிளம்பிய அண்ணன், பலகை இருக்கிறதென்று காலை வைத்துவிட்டார். முதலில் கைத்தடி மிதந்து வந்ததைப் பார்த்துத்தான் ஓடினோம். வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நகராட்சி வண்டி வந்தது. ஆட்கள் சிலாப் இறக்கினார்கள். அண்ணனின் உடல் உள்ளே கிடக்கிறது, வெளியே கடப்பாரைச் சத்தம். அக்கா எழுந்து வந்து, "இப்ப யாருக்குப் போடுறீங்க?" என்று கேட்டார்.

"நகராட்சித் தலைவரு மாலையோட வர்றாரும்மா. பலகைல கால வெச்சி வுழுந்துட்டா?"

அக்கா உள்ளே போய்விட்டார். தலைவர் வந்தார், விழாமல் திரும்பினார். மதியம் அதே சிலாப்மேல்தான் அண்ணனின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனோம். தூக்கியவர்களில் ஒருவருக்கும் கால் ஆடவில்லை.

இன்றைக்கும் எப்போதாவது அந்தத் தெருவுக்குப் போவேன். அதிகாரி வருகிறார் என்றால் அங்கே யாரும் இப்போது துடைப்பத்தைத் தொடுவதில்லை. குப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கும். டீ கிடையாது, கும்பிடு கிடையாது. பிலோமி அக்கா நாட்றம்பள்ளியில் தங்கை வீட்டோடு போய்விட்டார். அண்ணன் வீடு பூட்டிக் கிடக்கிறது. தாண்டிப் போக ஆளில்லாத அந்த வாசலில் சிலாப் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லாமல் இருக்கிறது.